நூற்று எழுபத்தாறாம் பக்கம்

— மூணு இருபது ஆச்சு இனாசேட்டா. அஞ்சு மணிக்கு வாசகசாலையில கூட்டம். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். நீங்க பைண்டிங் செஞ்சு குடுத்த என் புத்தகம் மொத்தம் எத்தனை பக்கம்?

— நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. பன்னெண்டு ஃபாரம், ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். எழுதின ரோசிலி டீச்சருக்கே தெரியாதா?

— இந்தாங்க. கடைசிப் பக்கத்தைத் திறந்து நம்பரைப் படிங்க.

— கண்ணாடியை எங்க வெச்சேன்... ம். நூத்தி எழுபத்தாறு.

— அந்தப் பக்கத்துல கடைசி வரி?

— “அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு,”

— அப்புறம்?

— அப்புறம் அட்டை. மாதாவே.

— மாதாவை அப்புறம் கூப்பிடலாம். இங்க மிச்சம் இருக்கற பெட்டியைப் பிரிங்க.

— இதுவும் எழுபத்தாறு. இதுவும். இது... இதுவும் அதேதான். டீச்சரே, கொஞ்சம் உக்காருங்க.

— நின்னே கேக்கறேன்.

— போட்ட முந்நூறு காப்பியும் இப்படித்தான் இருக்கும். எப்படி ஆச்சுன்னு இப்பத்தான் புரியுது. எங்க பெஞ்சு மேல பதினொரு அடுக்குதான் நிக்கும், பாத்துக்கங்க. பொம்பளைங்க பெஞ்சோரமா நடந்துகிட்டே அடுக்குக்கு ஒரு ஃபாரம் எடுப்பாங்க. பன்னெண்டாவது அடுக்கை ஸ்டூல் மேல வெப்போம். அன்னைக்கு ஃபேன் மாட்ட வந்தவன் ஏறி நிக்க ஸ்டூல் கேட்டான். நான்தான் அடுக்கைக் கீழ இறக்கி வெச்சிட்டுக் குடுத்தேன்.

— கீழன்னா எங்க?

— இதோ, சர்ச் ஜூபிலி மலருக்கு அடியில. முந்நூறும் அப்படியே இருக்கு. ஒரு பூச்சி தொடல.

— ஃபேன் சுத்துதா?

— சுத்துது.

— சந்தோஷம்.

— குத்திக் காட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா நானும் ஒண்ணு கேக்கணும். புத்தகம் உங்க கைக்கு வந்து பத்து நாளாச்சு. பாக்கவே இல்லையா?

— பாத்தேன்.

— என்ன பாத்தீங்க? முப்பது வருஷமா இந்தக் குன்னங்குளத்துல பைண்டிங் செய்யறேன். சொந்தமாப் புத்தகம் போடறவங்க முதல்ல அட்டையில தன் பேரைத் தடவிப் பாப்பாங்க. அப்புறம் மோந்து பாப்பாங்க. கடைசிப் பக்கத்தைத் திருப்பின ஒருத்தரை நான் கண்டதில்ல.

— நானும் மோந்துதான் பாத்தேன்.

— அதான்.

— மூணு தடவை பிழை திருத்தினேன். முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியார் வேலை பாத்தவ நான். பன்னெண்டு பதினாறு எவ்வளவுன்னு எண்ணிப் பாக்கத் தோணல.

— கல்யாண வீட்டுல பொண்ணைத் தவிர எல்லாத்தையும் பாப்பாங்க. அந்த மாதிரிதான்.

— பத்து நாளா இதைத்தான் சுமந்திருக்கேன் இனாசேட்டா. பெட்டியோட பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கிழிக்கறார். ஏழு வாசகசாலைக்குப் போனேன். ஒவ்வொரு செக்ரட்டரியும் யார் வெளியீடுன்னு கேட்டாங்க. நானே எழுதி நானே போட்டதுன்னு சொன்னதும், அப்படியான்னு சொல்லி மேசை மேல வெச்சு, அது மேல சாயா கிளாசை வெச்சாங்க. என் நாத்தனார் நாலு காப்பி வாங்கினா. நாலையும் அலமாரியில அடுக்கியிருக்கா, பாக்க அழகா இருக்காம். அந்த ஏழுல ஒரே ஒரு வாசகசாலைதான் இருபத்துநாலு காப்பி எடுத்து, எல்லாரையும் படிக்க வெச்சு, இன்னைக்குக் கூட்டம் போடுது. முடிவே இல்லாத புத்தகத்துக்கு.

— கண்டுபிடிச்சது யாரு?

— செக்ரட்டரி சுகதன் மாஷ். மதியம் ஃபோன் பண்ணினார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. டீச்சரே, ஒரு நாவலைக் கமாவுல நிறுத்த என்ன துணிச்சல்னு கேக்கறார். ஊரே அதைப் பத்தித்தான் பேசுதாம். ஒருத்தர் மட்டும் இது பைண்டிங் கோளாறா இருக்கும்னு சொன்னாராம். மத்தவங்க அவரைப் பேச விடலையாம்.

— அப்ப விட்டுடலாமே. துணிச்சலாவே இருந்துட்டுப் போகட்டும்.

— முடியாது. அந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் இந்தப் புத்தகத்தை நானே போட்டேன்.

— அது எப்படி?

— ஒரு பதிப்பகத்துல போடறேன்னு சொன்னாங்க. முடிவை மட்டும் மாத்தணுமாம். அக்காவும் தங்கச்சியும் கடைசியில கட்டிப் பிடிச்சு அழணுமாம். அழ மாட்டாங்கன்னு எழுதிப் போட்டேன். அதோட கதை என் கைக்கே திரும்பி வந்துடுச்சு.

— சரி, கவலையை விடுங்க. ஃபாரம் கையில இருக்கு. இந்த முந்நூறுல மிச்சம் இருக்கறதை நாளைக்குள்ள ஒட்டித் தர்றேன், ஒட்டினதே தெரியாது. வாசகசாலைக்கு இப்பவே பசை டப்பாவோட உங்க கூட வர்றேன். அவங்கவங்க காப்பியைக் கூட்டத்துக்குக் கொண்டு வருவாங்க இல்ல?

— கொண்டு வருவாங்க. யார் யார் எடுத்தாங்கன்னு மாஷ் லிஸ்ட் அனுப்பியிருக்கார். படிச்சு முடிச்சவங்களுக்கு டிக் போட்டிருக்கார்.

— படிங்க. எத்தனை ஒட்டணும்னு கணக்கு வெச்சுக்கறேன்.

— சுகதன் மாஷ். பாருக்குட்டி. லோனப்பன். ராப்பாயி.

— ராப்பாயி எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் குடுத்ததா சரித்திரம் இல்ல. அவனைக் கழிச்சுடுங்க. அப்புறம்?

— கல்யாணிக்குட்டி. தேவசி. அப்புறம்...

— அப்புறம் யாரு? டீச்சரே?

— த்ரேசியா.

— எந்த த்ரேசியா?

— என் அக்கா. டிக் போட்டிருக்கு.

— தண்ணி குடிக்கறீங்களா? முகம் ஒரு மாதிரி இருக்கு.

— இருங்க. படிச்சு முடிச்சுட்டா. ஆனா அவ கையில இருக்கறதும் இதே முந்நூறுல ஒண்ணுதானே?

— வேற எது?

— அப்ப அவளும் நூத்தி எழுபத்தாறு வரைக்கும்தான் படிச்சிருக்கா.

— அதுக்கு மேல அட்டையைத்தான் படிக்கணும். டீச்சரே, நீங்க சிரிக்கறீங்களா அழறீங்களா?

— தெரியல. அந்தப் பசை டப்பாவை மூடுங்க.

— என் வீட்டுக்காரி வெரோணிக்காவைச் சாயா போடச் சொல்றேன். ஒண்ணு சொல்லட்டா? பன்னெண்டாவது ஃபாரத்தை அவதான் மடிச்சா. மடிக்கும்போது படிச்சிருக்கா. முன் கதை எதுவும் தெரியாது. அக்கா வீட்டுல செத்துக் கிடக்கா, தங்கச்சி நாக்பூர் ஸ்டேஷன்ல உக்காந்துகிட்டு வர்ற வண்டியை எல்லாம் விடறா. சவப்பெட்டியை மூடிட்டாங்கன்னு ஃபோன் வந்தப்புறம்தான் ஏறறா. அன்னைக்கு வெரோணிக்கா சரியாச் சாப்பிடல. தன் தங்கச்சியை ஃபோன்ல கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினா. என்ன பேசினான்னு கேட்டேன், மீன் விலைன்னு சொன்னா.

— அந்த ஃபாரத்தோட முதல் வரி ஞாபகம் இருக்கா?

— இதோ, கையிலயே இருக்கு. “பெட்டியை மூடச் சொன்னாள்.”

— அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, பெட்டியை மூடச் சொன்னாள். அது அம்மாவோட பெட்டி. அந்த இடம் வரைக்கும் கதை இல்ல, நடந்தது.

— உங்க வீட்டுலயா?

— ஒன்பது வருஷம் ஆச்சு. நான் அப்ப நாக்பூர்ல வேலை. அம்மா போயிட்டாங்கன்னு ஃபோன் வந்ததும் வண்டி ஏறினேன். நான் வர்ற வரைக்கும் பெட்டியை மூடாதேன்னு த்ரேசியாச் சேச்சிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். வண்டி லேட்டு. நாலு மணிக்கு அடக்கம் முடிஞ்சுது. நாலரைக்குப் பையோட கல்லறைத் தோட்டத்துக்குப் போறேன். மண்ணு போட்டு மேல மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்காங்க. சேச்சி கிட்ட வந்தா. நான் திரும்பி நடந்துட்டேன். அதோட சரி.

— ஏன் மூடினாங்கன்னு கேக்கலையா?

— கேக்கல.

— ஒன்பது வருஷத்துல ஒரு தடவை கூடவா?

— கேட்டா ஏதாவது காரணம் சொல்லுவா. எனக்குக் காரணம் வேண்டாமா இருந்துச்சு.

— அதுக்குப் பதிலா அவளைக் கொன்னுட்டீங்க.

— பதினாறு பக்கத்துல. மத்த பக்கத்தை எழுத நாலு வருஷம். இதை ரெண்டு நாள்ல எழுதினேன், ஒரு வார்த்தை அடிக்கல. அவ படிக்கணும்னுதான் எழுதினேன். ஏழு வாசகசாலைக்குப் போனேன்னு சொன்னேன் இல்ல, முதல்ல போனது அவ வீட்டுப் பக்கத்துல இருக்கற இந்த வாசகசாலைக்குத்தான். இப்ப லிஸ்ட்டுல பேரைப் பாத்ததும் பயந்துட்டேன். நெனச்சது நடந்துடுச்சு, இனி திரும்ப எடுக்க முடியாதுன்னு. அடுத்த நொடி உங்க ஸ்டூல் ஞாபகம் வந்துச்சு. இப்படி ஒரு மூச்சு விட்டு எத்தனை நாளாச்சு, தெரியுமா?

— அப்ப ஒட்ட வேண்டாம்.

— வேண்டாம்.

— முந்நூறு ஃபாரத்தை என்ன செய்யறது? நோட்டுக்கு உள்ளட்டையா ஒட்டிடலாம், நல்ல தாள்.

— எவனாவது பள்ளிக்கூடத்துப் பையன் பிரிச்சுப் படிப்பான். கிழிச்சுக் காகிதக் கூழுக்குப் போடுங்க. என் எதிர்ல.

— எல்லாத்தையுமா? ஒண்ணு வெச்சுக்கங்க. உங்க எழுத்து.

— ஒண்ணு கூட வேண்டாம். ஃபேன் மாட்ட வந்தவர் பேர் என்ன?

— எதுக்கு? புகார் குடுக்கவா?

— ரெண்டாம் பதிப்புல நன்றின்னு போட.

— முதல் பதிப்பு தீரட்டும் டீச்சரே. நாத்தனார் இன்னொரு அலமாரி வாங்கணும்.

— சாயா வந்தாச்சா? குடுங்க. இப்பத்தான் பசிக்கவே செய்யுது.

— பழம்பொரியும் இருக்கு, எடுத்துக்கங்க. கூட்டத்துல கேட்டா என்ன சொல்லுவீங்க? அக்கா கடிகாரத்தைப் பாத்துட்டு என்ன செஞ்சான்னு ஒருத்தராவது எழுந்து நிப்பாங்க.

— துணிச்சல்னு மாஷ் சொல்லுவார். நான் தலையாட்டுவேன். பைண்டிங் கோளாறுன்னு சொன்ன மனுஷனை மட்டும் பாக்காம இருந்துக்கறேன்.

— அக்கா வந்து உக்காந்திருந்தா?

— அதை யோசிச்சா இந்தப் பழம்பொரி உள்ள போகாது. உங்க ஃபோன் அடிக்குது, எடுங்க.

— ஹலோ, இனாசு பைண்டிங். ஆமா, இங்க கட்டினதுதான்... ஆமாமா, ரெண்டாம் பக்கத்துல எங்க நம்பர் போடுவோம்... சரியாச் சொன்னீங்க, ஒரு ஃபாரம் விட்டுப் போச்சு. என் தப்புதான். எழுதினவங்க மேல தப்பு இல்ல... இல்லைங்க, அதை இப்பக் குடுக்க முடியாது. அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க... இங்கதான் இருக்காங்க. பேசறீங்களா? டீச்சரே, இந்தாங்க. புத்தகம் படிச்சவங்களாம். கடைசிப் பக்கம் வேணுமாம்.

— யாரு?

— பேர் கேக்கல. ஒரு பொம்பளை.

— ஹலோ. நான் ரோசிலி, புத்தகம் எழுதினவ. மன்னிச்சுக்கங்க, பாதியில நின்னுருக்கும். அந்தக் கடைசிப் பக்கங்களை எடுத்துட்டேன். எழுதினது சரியில்ல. கடிகாரத்தைப் பாத்ததுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு யோசிச்சு, புதுசா எழுதணும்... ஹலோ? கேக்குதா?

— கேக்குது. நீ எப்படி யோசிப்ப ரோசிலி, நீ அப்ப வண்டியிலதானே இருந்த? அம்மா பக்கத்துல நின்னவ நான். கடிகாரத்தைப் பாத்துட்டு நான் என்ன செஞ்சேன்னு சொல்லட்டா?