காலை பேட்ச்

எங்க சிட்லபாக்கத்துல ரெண்டு தூறல் போட்டாலே நெட் போயிடும் சார். ஆனா நிகத்தோட புதன்கிழமை செஷனை நான் ஒரு நாளும் விட்டதில்லை. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டாவது உக்கார்ந்துடுவேன்.

கூடுவாஞ்சேரிப் பொண்ணு, பிளஸ் டூ. ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து தலையில அடி. புத்தியெல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. எதை முதல்ல செய்யறது, எதை அப்புறம் செய்யறதுன்னுதான் குழம்பிடுவா. அதுக்குத்தான் எங்க ஆன்லைன் கவுன்சலிங். என்ன பிரச்சனை, என்னென்ன வழி, எதை எடுக்கலாம்னு யோசிக்கப் பழக்குவோம். பெரிய வித்தை ஒண்ணும் இல்லை.

வாரத்து வேலைக்கு ஒரு பட்டியல் இருக்கும். அவ போன்லயும் தெரியும், என் லேப்டாப்லயும் தெரியும். தலையை நம்பாதே, பட்டியலை நம்புன்னு சொல்லிக் கொடுத்தேன். அவ அம்மா பரிதாகிட்ட, நீங்க எதையும் எடுத்துக் கொடுக்காதீங்க, தானா செய்யட்டும்னு கண்டிப்பா சொல்லிட்டேன். அது இந்த சிகிச்சையோட ரூல், நான் கண்டுபிடிச்சது இல்லை.

ஆறு மாசத்துல நல்லா தேறிட்டா. "ஜென்சி மிஸ், சாப்டீங்களா? இன்னைக்கும் தயிர் சாதம்தானா?"ன்னுதான் ஆரம்பிப்பா. என் வீட்டுக்காரர் போனப்புறம் என்னை அப்படிக் கேட்க ஆள் கிடையாது. தனியா இருக்கறது எனக்குத் தாங்கலை சார், அதைச் சொல்றதுல வெட்கமில்லை. ஜனவரியில, "இன்னும் ரெண்டே செஷன், அப்புறம் என் தொல்லை விட்டுச்சு மிஸ்"னு சிரிச்சா.

முதல்ல சின்னதாத்தான் மாத்தினேன். பட்டியல்ல ரெக்கார்டு நோட் கொடுக்கற தேதியை ஒரு நாள் தள்ளி வெச்சேன். ஸ்கூல்ல திட்டு வாங்கிட்டு வந்து அழுதா. இன்னும் நாலு செஷன் போடலாம்னு சொன்னேன். அப்புறம் கெமிஸ்ட்ரி பிராக்டிகல். அவளுக்குக் காலை பேட்ச். நான் பட்டியல்ல மதியம்னு மாத்தினேன்.

அன்னைக்குக் காலையில பரிதா போன் பண்ணாங்க. "மிஸ், பிராக்டிகல் காலையிலன்னு அவ சொன்ன மாதிரி இருந்துச்சே, அவகிட்ட கேட்டுப் பார்க்கட்டுமா?"

"ரூலை மீறாதீங்கம்மா"ன்னேன். பாவம், அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

நிகத் பன்னெண்டரைக்குப் போய் நின்னா. ஆப்சென்ட் போட்டுட்டாங்க. அந்த வருஷம் போச்சு. மூளை திரும்பக் கெட்டுப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டா. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை, ஆனாலும் நம்பலை. பல்லு தேய்ச்சோமான்னுகூட அம்மாவைக் கேட்டுட்டுத்தான் நகர்றாளாம். செஷன் தினமும் ஆச்சு.

பட்டியலை யார் எப்போ மாத்தினாங்கன்னு அவ அண்ணன் மொஹ்சின் எடுத்துக் காட்டினாராமே. சரிதான். ரெண்டு தடவையும் நான்தான். வாக்குமூலத்துல எங்கே கையெழுத்துப் போடணும்?

மூணு வாரமா அவ லைன்ல வரலை. நான் தினமும் திறந்து வெச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். கோபமெல்லாம் இருக்காது சார், என்மேல அவ்வளவு பாசம் அவளுக்கு. மறந்திருப்பா.