திருப்பிப் போட்ட பேட்டரிக் கட்டை

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. வரப்பு வழுக்குகிறது. முன்னால் இருட்டு. இருட்டுக்குள் என் வீட்டுக்காரர்.

டமார். இன்னொரு வெடி. டமார். மறுபடி. மேலண்டை ராகிக் காட்டிலிருந்து பக்கத்து வீட்டு மாதம்மா அவரைக் கூப்பிட்டுக் கத்துகிறாள்.

"யானை எறங்கிடுச்சு! மூணு நிக்குது! லைட்ட அடிங்க மாமா, லைட்ட அடிங்க!"

லைட் எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

கார்த்திகை மாதம். வெள்ளிக்கிழமை. ஏழு மணிகூட ஆகவில்லை. கரண்ட் போய் அரை மணி நேரம். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு மேற்கே, யானைக் காட்டு ஓரம். ராகி முற்றினால் யானை வரும். வருஷா வருஷம் வரும். விரட்டுவதைச் சண்டை என்றுதான் சொல்வோம். எங்கள் கையில் வெடி, தகர டப்பா, மூன்று கட்டை போடும் பேட்டரி லைட். அவ்வளவுதான்.

அந்த லைட்டில் ஒரு கட்டையை நான் தலைகீழாகப் போட்டு வைப்பேன். ஆணியில் தொங்கும்போது சுவிட்ச் தானாக அழுந்தினாலும் கட்டை தீராது. எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் நேராக்கி அவர் கையில் கொடுப்பேன்.

"கட்டைய மிச்சம் புடிச்சே மாடி வூடு கட்டிருவா எங்க வூட்டுக்காரி" என்று ஆட்கள் எதிரில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்விடுவேன்.

அன்று நான் கட்டையை நேராக்குமுன்னே அவரே ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார். வாசலில் காவலுக்குக் கிளம்பிய நான்கு ஆம்பளைகள். சொல்ல வாயெடுத்தேன். மறுபடி சிரிப்பார்களே என்று கூச்சம். ஆட்கள் நகரட்டும் என்று நின்றேன். அவர்களோடு அவரும் போய்விட்டார். அவர்கள் கீழ்க்காட்டுக்குத் திரும்பினார்கள். இவர் தனியாக எங்கள் ராகிக் காட்டுக்கு.

முதல் வெடி கேட்ட பிறகுதான் ஓடுகிறேன்.

சரக். சரக். ராகித் தாளைப் பிடுங்கும் சத்தம். கிட்டத்தில். டக். டக். அது சுவிட்ச். அவர் அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார்.

ஊரில் நான் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அன்று கத்தினேன்.

"ஏங்க! அடிக் கட்ட தலகீழா கெடக்குது! திருப்பிப் போடுங்க!"

மூடி திருகும் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

"கிட்ட வராதடி! ஓடு!"

அதுதான் கடைசி. ஒரு பிளிறல். தரை அதிர்ந்தது. நான் வாய்க்காலில் விழுந்தேன்.

நான் அஞ்சாவதுதான் படித்தேன். இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல லைட் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். கட்டை தீர்ந்தால் தீரட்டும், நேராகப் போடுங்கள். பொழுது சாயுமுன் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். நானும் இப்போது தினம் பார்க்கிறேன். வெளிச்சம் சுவரில் விழுகிறது. எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

போனது இவ்வளவு. ராகி முக்கால் ஏக்கர். தென்னை இரண்டு. தண்ணீர்க் குழாய் எட்டு. என் வீட்டுக்காரர், வயது எழுபத்தொன்று. லைட் சேற்றில் கிடந்தது. கட்டை மூன்றில் இரண்டு பக்கத்தில் கிடந்தன. மூன்றாவது அவர் கைக்குள் இருந்தது. விரலைப் பிரிக்க நான் விடவில்லை.