சுத்தியல் விழுந்த மாலை

மொண்ணைப் பென்சிலைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. சிவப்பும் பச்சையும் எப்போதும் சீவித் தயாராக இருக்கும். மாடியறையில் பங்குச்சந்தைப் பாடம் நடத்துகிறேன். மெழுகுவத்தி வரைபடம்தான் என் பாடம். ஒரு நாளின் தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் நடுவே ஒரு கட்டம், அதுதான் உடல்; ஏறி முடிந்தால் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு. அன்றைக்குத் தொட்ட உச்சமும் தாழ்வும் மேலும் கீழும் நீட்டிய திரிகள். விழுகிற விலை எப்போது திரும்பும் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.

அண்ணன் என்னை மெழுகுவத்தி வாத்தியார் என்பார். "இவன் வீட்ல கரன்ட் போனாக் கவலையே இல்ல." இருபது வருடமாக அதே ஜோக். நானும் சிரித்துவைப்பேன்.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே கூட்டிவர வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காலை அளவு தொடக்கம், மாலை ஆறு மணி அளவு முடிவு என்று வைத்து வரைந்தேன். முடிவுகள் 97, 95, 93 என்று இறங்கின. வரைந்ததில் தப்பொன்றும் இல்லை.

நான்காம் நாள் காலை 91. மதியம் 81. அண்ணி பையைக் கட்டிவிட்டார்.

"தம்பி, ஆட்டோ கூப்பிடுங்க."

"சாயங்காலம் வரைக்கும் பாப்போம் அண்ணி."

சாயங்காலம் 92. வரைந்தேன். மேலே சின்னதாகப் பச்சை உடல், கீழே நீளமான திரி. இதற்குச் சுத்தியல் என்று பெயர். தொடர்ந்து விழுந்த பிறகு இது வந்தால், வீழ்ச்சி முடிகிறது என்று அர்த்தம். திரி நீளமாக இருக்க இருக்க நல்லது. அந்த 81 எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னடா சொல்லுது உன் மெழுகுவத்தி?"

கிண்டல் இல்லாமல் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திரும்புதுண்ணே. நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டா உறுதியாயிடும்."

"அப்ப சரி. பைய உள்ள வைம்மா" என்றார் அண்ணியிடம்.

ஒற்றை மெழுகுவத்தியை நம்பிப் பணத்தைப் போடக் கூடாது, மறுநாள் உறுதி செய்ய வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். நான் விதியை மீறவில்லை. மறுநாள் பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே, என் தோளில் சாய்ந்தபடி அவர் போய்விட்டார்.

அண்ணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்களை மாதிரி யாரு தம்பி பாத்திருப்பாங்க" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். யாரும் புகார் கொடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அன்று ஆறு மணிக்குக் கருவி 84 காட்டியது. விரலை மாற்றினேன். கையைத் தேய்த்துச் சூடாக்கினேன். மறுபடியும் 84. சுண்டுவிரலில் மாட்டியபோது 92 என்று ஒரு கணம் வந்து இறங்கியது. அந்தக் கணத்தை எழுதினேன். 84 எழுதினால் அது வெறும் சிவப்புக் கட்டம். அண்ணி பையைத் தூக்கியிருப்பார், அண்ணனும் பிழைத்திருப்பார். ஆனால் என் படத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டார். 84 என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அண்ணனைக் கொன்றது நான்தான்.

போன வாரம் அந்தப் படத்தை, எண்களை மறைத்து, வகுப்பில் மாட்டினேன். எந்தப் பங்கு என்று சொல்லவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று கேட்டேன். பதினொரு பேரும் ஏறும் என்றார்கள். மனசு கொஞ்சம் லேசானது. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்.

84 போட்ட படத்தை அவர்களுக்கு வரைந்து காட்டவில்லை.