றஜிந்தன் தொங்கின வளையம்

எங்கடை குருநகரிலை இரும்பு கனநாள் நிக்காது, சேர். கடல்காத்து. ஒரு கேற்றுக்கு எத்தினை பூச்சுப் பெயின்ற் அடிச்சாலும் அடுத்த மாரிக்குள்ளை கறள் கண்டிடும். அதாலை எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அப்பாவுக்குப் பிறகு வெல்டிங் கடையை நான்தான் நடத்துறன். உங்கடை பொலிஸ் ஸ்ரேசன் வாசல் கேற்றும் கறள் பிடிச்சுத்தான் கிடக்கு, வரேக்கை பாத்தன்.

நான் குடிச்சிட்டு வரேல்லை. டெஸ்மன் எண்டு பேரை எழுதியிட்டியள்தானே. என்னை ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு வரேல்லை, நானாத்தான் வந்தனான் எண்டதையும் எழுதுங்கோ. மற்றதை ஆறுதலாச் சொல்லுறன்.

றஜிந்தனை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேப்பரிலை படம் வந்த பெடியன். பந்து விளையாடுறதுக்குச் சம்பளம் வாங்கின முதல் ஆள் எங்கடை பக்கத்திலை அவன்தான். முதல் கொழும்பிலை ஒரு கழகம், பேந்து மாலைதீவு. பள்ளிக்கூடத்து பாஸ்கற்போல் ரீமிலை அவன் எனக்கு ரெண்டு வகுப்புக் கீழை. நான் பந்து குடுக்கிற ஆள், அவன் போடுற ஆள். சனம் கை தட்டுறது போடுறவனுக்குத்தான். அதிலை எனக்கு ஒரு மனக்குறையும் இருக்கேல்லை. அவன் எங்கை எழும்புவான் எண்டு பாக்காமலே எனக்குத் தெரியும். அவன் வாறதுக்கு முதலே பந்து அங்கை போய் நிக்கும். தகப்பன் கடலிலை செத்துப்போனாப் பிறகு அவன் பள்ளிக்கூடம் வராமல் வீட்டுக்குள்ளை கிடந்தவன். நான்தான் இழுத்துக்கொண்டு போய்த் திடலிலை விட்டனான். இடது கையாலை எறியப் பழக்கினதும் நான்தான். அவன் எறிய எறிய, பொழுது படுமட்டும் ஓடி ஓடிப் பொறுக்கிக் குடுத்தனான்.

மாலைதீவிலை இருக்கேக்கை ஒரு ரீவிக்காரர் அவனைப் பேட்டி எடுத்தவை. கடையிலை இருந்து போனிலை பாத்தன். ஆர் உங்களுக்குப் பழக்கினது எண்டு கேட்டினம்.

"ஆரும் பழக்கேல்லை. தனியத்தான் எறிஞ்சு எறிஞ்சு பழகினனான்" எண்டு சிரிச்சான்.

நான் கோவிக்கேல்லை. அண்டைக்கு ஒரு கோழிக்கூட்டுக் கதவு ஒட்டவேண்டி இருந்தது. ஒட்டிக் குடுத்தன். நல்ல வடிவா ஒட்டியிருந்தன்.

அந்த வரியம் கோயில் பெருநாளுக்கு அவன் வீட்டை வந்தவன். வந்த கையோடை ஒரு மட்ச் வைப்பம் எண்டு வாசிகசாலைப் பெடியள் ஒற்றைக்காலிலை நிண்டாங்கள். திடலிலை வளையம் பூட்டின பலகை ஆடிக்கொண்டிருந்தது. திருத்தித் தரச்சொல்லி என்னட்டை வந்தவை. கம்பத்தை நல்லாத்தான் திருத்தினன். பலகையைத் தாங்கிற மேல் ஆணியளுக்கு மட்டும், கடைக்குப் பின்னாலை கிடந்த கறள் ஆணியளைப் போட்டு, மேலாலை பெயின்ற் அடிச்சு விட்டன். பந்து பட்டால் தாங்கும். ஆள் தொங்கினால் தாங்காது. அவன் தொங்குவான் எண்டது ஊருக்கே தெரியும். பந்தை மேலையிருந்து குத்திப் போட்டிட்டு வளையத்தைப் பிடிச்சுக்கொண்டு ஆடுவான், சனம் விசிலடிக்கும்.

மட்ச் துடங்க முன்னம் என்னட்டை வந்தவன்.

"டெஸ்மன் அண்ணை, உதிலை தொங்கலாமோ? பாரம் தாங்குமோ?"

"ஓம், தொங்கு. நான்தானே பூட்டினது."

"அப்பச் சரி" எண்டு என்ரை தோளிலை தட்டிப்போட்டுப் போனான்.

கம்பத்துக்குக் கிட்ட இருந்த சின்னப் பிள்ளையளை எழுப்பி, அங்காலை மதிலோடை இருத்தினன். இதையும் நீங்கள் எழுதவேணும். மற்றாக்களுக்கு ஒரு கீறலும் வரக்கூடாது எண்டதிலை நான் கவனமா இருந்தனான். பேந்து ஊரிலை சொல்லிச்சினம், அந்த யோசனையை டெஸ்மனுக்குக் குடுத்தது கடவுள்தான் எண்டு.

என்னையும் பேருக்கு அவன்ரை பக்கத்திலை விளையாட விட்டவை. நான் குடுத்த பந்துதான். சரியான இடத்திலை போய் நிண்டது. அவன் எழும்பிக் குத்தித் தொங்கினான். பலகையும் அவனோடை வந்திட்டுது. மல்லாக்க விழுந்தான், பலகை அவனுக்கு மேலை. நான் நினைச்ச அளவுக்குச் சத்தம் இருக்கேல்லை.

அவன் சாகவேணும் எண்டு நான் நினைக்கேல்லை, சேர். ஒரு கால் முறிஞ்சால் காணும், கொஞ்சக் காலம் ஊரோடை இருப்பான் எண்டுதான் யோசிச்சனான். முள்ளந்தண்டு போனது அவன் விழுந்த விதத்தாலை. அதுக்கு நான் என்ன செய்யிறது?

ஆஸ்பத்திரியிலை பக்கத்திலை நிண்டது நான். வீட்டை கொண்டுவந்தாப் பிறகும் நான்தான். முதுகிலை புண் வராமல் பிரட்டிப் படுக்கவைக்கிறது, கழுவுறது, தாடி வழிக்கிறது எல்லாம் நான். கடையை மத்தியானத்தோடை பூட்டிப்போட்டு வந்திடுவன். அவன்ரை தாய் இரத்தினம்மா மாமி என்ரை கையைப் பிடிச்சு அழுதவ. "நீயில்லாட்டி என்ரை பிள்ளை புழுத்துப்போயிருப்பான் தம்பி" எண்டவ. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டு வந்தவையையும் நான் திருப்பி அனுப்பிப்போட்டன். நான் போனால் அவனை ஆர் பாக்கிறது?

அவனோடை விளையாடின கொழும்புப் பெடியள் பாக்க வந்தவை. நித்திரை எண்டு வாசலோடை அனுப்பிப்போட்டன். அவன்ரை போனையும் நான்தான் வைச்சிருந்தனான். அதிலை பழைய விளையாட்டைப் பாத்துப் பாத்து அழுவான், அது உடம்புக்குக் கூடாது.

"ஒருத்தரும் என்னைத் தேடேல்லையோ அண்ணை?" எண்டு கேப்பான்.

"ஆக்கள் உப்பிடித்தான் றஜி. நான் இருக்கிறன்தானே" எண்டுவன்.

அப்ப அவன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பான். உண்மையைச் சொன்னால், நாங்கள் ரெண்டுபேரும் ஒற்றுமையா இருந்தது அந்தக் காலத்திலைதான்.

அதுக்குள்ளை நிரோஜினி எண்டு ஒரு பிள்ளை வரத் துடங்கினவ. உடற்பயிற்சி குடுக்கிற பிள்ளை. எனக்கு அவவிலை கோவமில்லை. அவ செய்த ஒரேயொரு பிழை, அவன்ரை கையிலை திரும்பவும் பந்தைக் குடுத்தது. சில்லுக் கதிரையிலை இருந்து விளையாடுற பாஸ்கற்போல் ஒண்டு இருக்காம். வளையத்தின்ரை உயரம்கூட அதேதானாம். அவன் எறிஞ்ச முதல் பந்து வளையத்துக்குக் கிட்டவும் போகேல்லை. நான் ஓடிப்போய்ப் பொறுக்கிக் குடுத்தன். பேந்து அவ பொறுக்கத் துடங்கியிட்டா. போகப் போக அவன்ரை தோளும் கையும் வலை இழுக்கிறவையின்ரை மாதிரி இறுகி வந்திட்டுது. கொழும்பிலையிருந்து ஆக்கள் வந்து பாத்தவை. தங்கடை ரீமுக்கு எடுக்கிறம், சம்பளம் தாறம், வெளிநாட்டுப் போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போறம் எண்டவை.

அவன் அதைச் சந்தோசமாத்தான் எனக்குச் சொன்னவன்.

"அண்ணை, நான் திரும்ப விளையாடப் போறன். இனி நீங்கள் உங்கடை வாழ்க்கையைப் பாருங்கோ."

எனக்கு விடுதலை தாறானாம்.

அடுத்தநாள் பின்னேரம் அவனை இறங்குதுறைக்குத் தள்ளிக்கொண்டு போனன். அவனுக்குக் கடலைப் பாக்க விருப்பம், நெடுக நான்தான் கூட்டிக்கொண்டு போறனான். துறையின்ரை கடைசி நுனிமட்டும் போய் நிப்பாட்டினன். ஆக்கள் இல்லை. தூரத்திலை ஒரு வள்ளம் மட்டும் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"போகாதை றஜி" எண்டன்.

"ஏன் அண்ணை, இன்னும் உங்களுக்குப் பாரமா இருக்கவோ?"

"நீ பாரம் எண்டு நான் எப்பவாவது சொன்னனானே?"

அவன் முகத்தைத் திருப்பினான். அந்த வள்ளத்தையே பாத்துக்கொண்டிருந்தான். என்னோடை கதைச்சு முடிஞ்சுது எண்ட மாதிரி. நான் பிரேக்கை எடுத்துவிட்டன். தள்ளவும் தள்ளினன். மெல்லமாத்தான்.

எனக்கு நல்லா நீந்தத் தெரியும், சேர். நான் குதிக்கேல்லை. கதிரை தண்ணிக்குள்ளை தாண்டு போச்சு. அவன் கையாலை அடிச்சு அடிச்சு வந்து, கட்டியிருந்த ஒரு வள்ளத்தின்ரை கயித்தைப் பிடிச்சிட்டான். அதிலை தொங்கிக்கொண்டு என்னைப் பாத்தான். கத்தேல்லை. நானும் நிண்டு பாத்தன். கரைக்கு வந்த வள்ளத்துக்காரர்தான் அவனைத் தூக்கினவை.

உங்கடை ஆக்கள் வந்து விசாரிக்கேக்கை, பிரேக் வழுக்கினது எண்டு அவனே சொன்னவன். நானும் ஓம் எண்டன். அதோடை தன்னைக் கழுவ என்னை விடேல்லை. தாயைக் கூப்பிட்டான். அவ வயசான மனுசி, அவவாலை அவனைப் பிரட்டவும் ஏலாது. கொழும்புக்கு வெளிக்கிட்ட அண்டு, வாகனத்திலை ஏத்த முன்னம் என்னைக் கிட்ட வரச்சொன்னவன். தாய்க்குக் கேக்காமல் மெல்லச் சொன்னான்.

"பலகையும் நீங்கள்தான் எண்டு இப்ப விளங்குது. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்னைப் பாத்ததுக்காக. ஆனால் இனி என்ரை கண்ணிலை முழியாதேங்கோ."

களைச்சுப்போய் இருந்தவன். களைப்பிலை மனுசர் எதையும் சொல்லுவினம். நான் பெரிசா எடுக்கேல்லை.

பேந்து போன் அடிச்சால் அந்த நம்பர் வேலை செய்யுதில்லை. கொழும்புக்குப் போனன். அவை பழகிற இடத்து வாசலிலை என்னை மறிச்சுப்போட்டினம். என்ரை போட்டோ வாசல்காரனிட்டை இருந்தது. றஜிதான் குடுத்திருக்கவேணும். போன கிழமை அவன்ரை மட்ச்சை ரீவியிலை காட்டினவை. கதிரையை உருட்டிக்கொண்டு வந்து எறிஞ்சான், விழுந்தது. சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சினம். அவனுக்குப் பந்து குடுக்கிறது இப்ப வேற ஒருத்தன். நான் வடிவாப் பாத்தன். உவனுக்குக் குடுக்கவே தெரியாது. பந்து பிந்தித்தான் போகுது.

அண்டைக்குத்தான் இஞ்சை வாறது எண்டு முடிவெடுத்தனான். அவன் சொல்லமாட்டன் எண்டவன். அப்ப நான்தானே சொல்லவேணும். கறள் ஆணி போட்டதும் நான்தான், கடலுக்குள்ளை தள்ளினதும் நான்தான். ரெண்டையும் தெரிஞ்சுதான் செய்தனான். அப்பிடியே எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன். எனக்காக வாதாடப் புரக்கிராசியும் வேண்டாம்.

வழக்கு எண்டால் அவன் சாட்சிக்கு வரத்தானே வேணும்? ஒவ்வொரு தவணைக்கும் கூப்பிடுவினம் என்ன? வரமாட்டன் எண்டு அவன் சொல்லேலாது. எங்கடை வழக்குகள் கெதியிலை முடியிறதும் இல்லை.

ஒண்டு மட்டும் கேக்கிறன், சேர். கோட்டு வாசலிலை படி இருக்கும், அவனாலை ஏறேலாது. அவனைத் தூக்கிக்கொண்டு போக, அந்தநேரம் மட்டும் என்ரை கைவிலங்கைக் கழட்டி விடுவியளோ?