பட்டினிப் பாசி

– உம்மா, என் பீப்பாயில என்னத்த ஊத்துனீங்க?

– மீன் கழுவுன தண்ணி. நீ ஊர்ல இல்லாத நாலு நாளும் ஊத்துனேன். பாரு சாயிரா, எப்படிப் பச்சைப்பசேல்னு வந்திருக்கு! மஞ்சளாச் செத்துக்கிட்டு கெடந்துச்சு, பாவம்.

– சாகல! நான்தான் பட்டினி போட்டிருந்தேன்.

– ஏன்டி? பாசிக்குமா நோன்பு?

– தீனி கெடைச்சா அது பெருகிக்கிட்டே போகும், அவ்ளோதான். தீனியை நிறுத்துனாத்தான் உள்ளுக்குள்ள எண்ணெய் சேர்த்து வைக்கும். அந்த எண்ணெயில ஒரு நாள் தஞ்சோங் பகார் துறைமுகத்து லாரியெல்லாம் ஓட்டலாம். பத்து மணிக்கு யுனிவர்சிட்டி லேப் நடத்துற டாக்டர் தனசேகரன் வந்து இதை அள்ளிட்டுப் போறார். காயவச்சு, ஈதர்ல ஊறப்போட்டு, எண்ணெயைப் பிரிச்சுப் பார்ப்பார். இருந்தா லேப்ல எனக்கு இடம்.

– இல்லாட்டி?

– போத்தல் கழுவ வான்னார். பிடிக்கலைன்னா கல்யாணம் பண்ணிக்கோன்னார்.

– யுனிவர்சிட்டிக்குப் போன புள்ளையையா போத்தல் கழுவச் சொல்றான்? இரு, ரெண்டு கரண்டி தேங்காயெண்ணெய் ஊத்தி வுடுறேன்.

– வேணாம்லா! ஏமாத்தி உள்ள போறதுக்குப் போத்தலே கழுவலாம். தொடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருந்தேனே!

– படிக்கத் தெரிஞ்சவளா நான்?

– பத்து மாச உழைப்பு உம்மா. தப்புன்னாச்சும் ஒத்துக்குங்க.

– ஒத்துக்க மாட்டேன்.

– ஏன்?

– உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. கதீஜா. ஜப்பான்காரன் இந்த ஊரைப் புடிச்சிருந்த சண்டைக் காலத்துல, மரவள்ளிக்கெழங்குக்கும் வழியில்லாம, ரெண்டு வயசுல இந்த மாடியிலதான் போனா. இன்னொன்னு என் கண்ணு முன்னாடி பட்டினி கெடக்க வுட மாட்டேன். பாசியா இருந்தா என்ன?

– எனக்கு யாருமே சொல்லலையே.

– சொல்லி? நம்ம டன்லப் ஸ்திரீட்டுல எந்த வூட்டுல சாவு இல்ல அப்போ? கார் சத்தம் கேக்குது. வந்துட்டான் உன் டாக்டர். பீப்பாயைக் கவுத்துருவோம், பூனை தள்ளிருச்சுன்னு சொல்லு.

– பீப்பாயைத் தள்ளுற பூனையா?

– பெரிய பூனை.

– ஒன்னும் கவுக்க வேணாம். கண்ணைத் தொடச்சுக்கிட்டுக் கீழ போய்க் கதவைத் தொறங்க.

– அவன்கிட்ட என்னன்னு சொல்லுவே?

– எண்ணெய் இல்லைன்னு சொல்லுவேன். எங்க உம்மா இருக்கற வீட்டுல எதையும் பட்டினி போட முடியாது, அதனால லேப்ல எனக்கு இடம் குடுத்தே ஆகணும்னு சொல்லுவேன்.