கறுப்புத் துணிக்கு அடியில் மூன்று படிகள்

தலைமை ஏற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, எங்கள் ஆய்வுக்குழுவின் கண் மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவரே, அவருடைய அன்புத் தங்கையே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் குரல் நடுங்கும். துக்கத்தில் நடுங்குகிறது என்று நீங்கள் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வீர்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கம் நிறையவே இருக்கிறது, அதை வீட்டில் அழுது தீர்த்துக்கொள்கிறேன். இப்போது குரல் நடுங்குவது பயத்தால். பதினோரு நாளாக நான் பயந்துகொண்டிருக்கிறேன்.

யார் நம்மை விட்டுப் போயிருக்கிறார்? ஒளிர்பொருள் ஆய்வுக்குழுவை ஒரு பழைய சாமான் அறையில் தொடங்கியவர்! வேதியியல், இயற்பியல், கண் மருத்துவம் என்று மூன்று துறைக்காரர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் கொட்டாவி விடாமல் பார்த்துக்கொண்டவர்! வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, இருட்டில் மெல்ல மெல்ல வெளியே விடும் ஒரு வெள்ளைப் பொடிக்காகப் பதினெட்டு ஆண்டுகளைக் கொடுத்தவர்! வேதியியல் பேராசிரியர், குழுவின் தலைவர், பட்டங்கள் பல பெற்றவர். மாணவர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'இருட்டம்மா'. அவருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

எனக்கும் ஒரு பட்டம் உண்டு. சுவரோரம் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், தெரிந்தவர்கள். 'டார்ச்' என்பது என் பட்டம். ஏன் தெரியுமா? இயற்பியல் படித்தவன், இருட்டில் ஒளிரும் பொருளை அளக்க வந்தவன், எனக்கு இருட்டென்றால் பயம்! சின்ன வயதிலிருந்தே பயம். முதல் நாள் இருட்டறையில் கதவைச் சாத்தினார்கள். சட்டைப்பையில் ஒளித்துவைத்திருந்த டார்ச்சை எடுத்து அடித்துவிட்டேன். மூன்று நாள் சோதனை அந்த ஒரு நொடியில் பாழாகிப்போனது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அம்மையார் என்ன செய்தார்? இருட்டிலேயே என் பக்கத்தில் வந்து நின்றார். "பயமா இருக்கா தம்பி? இருக்கட்டும். இங்க யாரும் தனியா இல்லன்னு உனக்குக் காதால தெரிஞ்சா போதுமில்ல?" என்றார். அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு வழக்கம் வந்தது. கதவைச் சாத்தியதும் அவர் கேட்பார்: "யாரு எங்க?" ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். "கதவுகிட்ட." "மேசைகிட்ட." "கருவிகிட்ட, காலை யாரோ மிதிக்கிறாங்க." கடைசியில் அவர் சொல்வார்: "நான் தம்பி பக்கத்துல." பதினெட்டு ஆண்டு! அவர் ஒரு நாள்கூட அந்த வரியை விட்டதில்லை. என் பயத்தை ஒருமுறைகூடக் கேலி செய்ததுமில்லை.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. நான் பயப்படுவதற்குக் காரணமே அதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எந்தச் சோதனை மாதிரியையும் எங்கள் குழு அவசரப்பட்டுப் பார்க்காது. இருட்டறைக்குள் போய் இருபது நிமிடம் சும்மா உட்காருவோம். கண் இருட்டுக்குப் பழகவேண்டும். பழகிய பிறகுதான் பார்ப்போம். எங்கள் ஒழுக்கம் அது, எங்கள் பெருமை அது! கண் மருத்துவர் ஒருமுறை கேட்டார், "எதுக்கு சார் இருபது நிமிஷம்?" என்று. "கண்ணு பழகாம எப்படி டாக்டர் பார்க்கறது?" என்று நான் அவரைக் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தப் பொடியைக் கலந்து செய்த பட்டைகளை, ஏழு மாடி மருத்துவமனையில் ஜன்னலே இல்லாத படிக்கட்டுகளில் ஒட்டினோம். மின்சாரம் போனால் வழிகாட்டவேண்டும். எவ்வளவு மங்கும்வரை கண்ணுக்குத் தெரியும் என்ற அளவை யார் முடிவு செய்தது? நாங்கள்தான். எப்படி? இருட்டறையில், இருபது நிமிடம் உட்கார்ந்து பழகிய எங்கள் கண்களால். ஆறு மணி நேரம் கழித்தும் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்தோம். இரண்டு கையெழுத்து. ஒன்று அம்மையாருடையது, இன்னொன்று என்னுடையது.

அம்மையார் நோயுற்றுப் படுத்தது அதே மருத்துவமனையில். ஒரு நாள் காலையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் அறுவை அரங்குகளுக்கு மட்டும் ஓடியது. மதியம் அம்மையார் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நம்ம பட்டை தெரியல."

"அப்படி இருக்காதே மேடம். ஆறு மணி நேரம்கூட ஆகலையே. அளவுப்படி எரியணுமே."

"எரியுது. அதுதான்பா பிரச்சினையே. வார்டுல ஜன்னல் வெளிச்சத்துல இருந்து எழுந்து படிக்கட்டுக்குப் போனேன். ஒண்ணுமே தெரியல. அங்கேயே சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழிச்சு எல்லாப் படியும் அழகா தெரியுது. அதுக்குள்ள ஒரு பொண்ணு, இடுப்புல குழந்தையோட, படியைக் காலால தடவித் தடவி என்னைத் தாண்டிப் போறா. நெருப்புப் பிடிச்சா எவன்பா பத்து நிமிஷம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிட்டு ஓடுவான்?"

அவையோரே, எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஏழு மாடி! வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் ஓடிவருபவர்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டை வெறும் சுவர்.

அன்று மாலையே அம்மையார் படுக்கையில் உட்கார்ந்து மருத்துவமனைத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நாங்கள் கொடுத்த அளவு தவறு. பட்டைகளை நம்பாதீர்கள். உடனே எல்லாப் படிக்கட்டிலும் பேட்டரி விளக்கு மாட்டுங்கள். சோதனையை முதலிலிருந்து செய்து தருகிறோம்.' கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். சான்றிதழில் இரண்டு பேர் போட்டதால் இதிலும் இரண்டு பேர் போடவேண்டும் என்றார்.

நான் என்ன சொன்னேன்? "நீங்க குணமாகி வாங்க மேடம், நிதானமாப் பேசி அனுப்பலாம்" என்றேன். நிதானம்! பதினெட்டு ஆண்டு உழைப்பு, குழுவின் பெயர், என் வேலை, எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. அவர் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். "சரி, திங்கட்கிழமைக்குள்ள போட்டுடு" என்றார். சனிக்கிழமை போய்விட்டார்.

அந்தக் கடிதம் இதோ, என் சட்டைப்பையில். வேர்வையில் ஓரம் நைந்துவிட்டது. எங்கள் தெருவில் விளக்கு ஒருமுறை மினுக்கினால் போதும், மருத்துவமனை வரவேற்பறைக்குப் போன் செய்து "கரண்ட் இருக்கா?" என்று கேட்கிறேன். அங்கிருக்கும் பெண் என்னை மின்வாரியத்துக்காரன் என்று நினைத்துக்கொண்டு, "சார், நீங்கதானே சொல்லணும்?" என்கிறாள். சிரிக்கலாம். நான் போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன்.

அஞ்சுகிறேன்! வேலை போகும் என்று அஞ்சுகிறேன். அம்மையாரின் பெயர் கெடும் என்று அஞ்சுகிறேன். அதைவிட, அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணை நினைத்து அஞ்சுகிறேன்.

மேடைப் படிகளின் மேல் கறுப்புத் துணி விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துக்கத்துக்கு விரித்தது என்று நினைத்திருப்பீர்கள். அம்மையாரின் தங்கை தைத்துக் கொடுத்த எங்கள் இருட்டறைத் திரை அது. "ஏன்க்கா, வெளிச்சத்தை ஆராயறவங்களுக்கு எதுக்கு இத்தனை கறுப்புத் துணி?" என்று அன்றைக்குக் கேட்டவர் அவர். விடியற்காலையில் நான்தான் விரித்தேன். அடியில் மூன்று படிகளிலும் நம்முடைய பட்டை இருக்கிறது. ஆறு மணி நேரமாக அது வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

அம்மையாருக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தவேண்டும். அதை இருட்டில் செலுத்துவோம். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாயிற்று. யாரும் எழவேண்டாம். எலக்ட்ரீஷியன் சுவிட்சில் கைவைத்தபடி நிற்கிறார். துணியை நானே இழுத்துவிடுகிறேன். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், படிகளைப் பாருங்கள்.

விளக்கை அணையுங்கள்.

இரண்டு நிமிடம் முடிந்தது. விளக்கைப் போடவேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம். யாருக்காவது படி தெரிந்ததா? கை தூக்காதீர்கள், அதுவும் எனக்குத் தெரியாது. வாயால் சொல்லுங்கள்.

ஒருவரும் சொல்லவில்லை.

இந்த இரண்டு நிமிடத்தில் புகை எத்தனை மாடி ஏறியிருக்கும்?

அவர் கேட்பதை இன்று நான் கேட்கிறேன். யாரு எங்க? டாக்டர், நீங்க? சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் கேட்கட்டும். "மேடையில, நாற்காலியில. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்கிறார் தலைமை மருத்துவர். கேட்டீர்களா? ஏழு மாடிக்குப் பொறுப்பானவர் சொல்கிறார்.

நான் மைக்குகிட்ட. டார்ச் பையில் இருக்கிறது, தொடவில்லை. என் பக்கத்தில் யாரும் இல்லை. அம்மா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு!

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்வார்கள். நான் தொடர்வதற்கு முன்னால் திருத்துகிறேன். இனி எங்கள் குழுவில் யாரும் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பார்க்கமாட்டோம். வெளிச்சத்திலிருந்து ஓடிவந்து பார்ப்போம். தடுக்கி விழுந்தால் எழுதிவைப்போம். கண் மருத்துவர் கேள்வி கேட்டால் சிரிக்கமாட்டோம். அம்மையார் கடைசியாகச் செய்த ஆய்வு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தது. அதைவிடப் பெரிய ஆய்வை எங்கள் குழுவில் யாரும் செய்யவில்லை.

விளக்கைப் போடுங்கள்.

இதோ கடிதம். பதினோரு நாள் இதைச் சட்டைப்பையில் சுமந்தவன், ஒரு நாளும் கூடவே பேனா வைத்துக்கொள்ளவில்லை. இன்றும் என்னிடம் இல்லை.

டாக்டர், உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.