சிவப்பை எண்ணச் சொன்னார்கள்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன்: நாளை மாலை ஐந்து மணி வரை யாரிடமும் காட்டாதீர்கள். ஐந்து மணிக்குப் பிறகு ஊரே கேட்கப்போகிறது. அதுவரை இது என் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்திலேயே இருக்கட்டும். நாளைய பட வெளியீட்டு விழாவுக்காகத் தலைமை ஆசிரியை திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்த வரவேற்புரை என் பையில் இருக்கிறது. அது நல்ல உரைதான். ஆனால் அதில் ஒன்று இல்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இந்த இன்னொரு உரையை எழுதுகிறேன். முக்கியமாக என் அம்மாவிடம் காட்டாதீர்கள். அவர் இரண்டாம் ஷிப்டு முடிந்து வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

இனி உரை.

இந்தச் சின்ன நூலக மாடியைப் பேரவையாக்கித் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் சலவைக்கூட முதலாளி ஐயா அவர்களே! பல்லைப் பிடுங்கும் கையாலேயே பல்லாயிரம் விளையாட்டுக் கட்டைகளைப் பூட்டும் எங்கள் கட்டைக் கழகத்தின் தலைவி, பல் டாக்டர் அம்மா அவர்களே! பகலெல்லாம் செல்போனைப் பிரித்துப் பழுது பார்த்து, மாலையெல்லாம் ஊரைச் சுற்றிப் படம் பிடிக்கும் ‘எட்டு நிமிட ஊர்’ கேமரா அண்ணன் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! வெள்ளைத் துணியை வெளுத்து, பிழிந்து, தேய்த்து, மடித்து, ஊரிலுள்ள நோயாளிகளுக்கெல்லாம் உறக்கத்தை விரித்துத் தருகிற தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் அண்ணன்மார்களே! நாற்காலி கிடைத்தும் அதில் உட்காராத தம்பி தங்கைகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

(இங்கே கை தட்டுவார்கள். தட்டாவிட்டால் மூன்று எண்ணிவிட்டுத் தொடர வேண்டும்.)

விளையாட்டுக் கட்டைக்கா இவ்வளவு பெரிய மேடை என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கேளுங்கள் ஐயா, நன்றாகக் கேளுங்கள்! நானும் கேட்டேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது; தலையில் குமிழ், காலில் பள்ளம்; ஒன்றின் குமிழ் இன்னொன்றின் பள்ளத்தில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் இரண்டும் ஒன்று. இதில் என்ன இருக்கிறது? அவையோரே, இதில் என்னதான் இல்லை?

கேமரா அண்ணனின் தொடரைப் பார்க்காதவர் இந்த அரங்கில் உண்டா? வாரம் ஒரு வேலையிடம். வாரம் எட்டு நிமிடம். பஸ் பட்டறையைக் காட்டினார், அச்சகத்தைக் காட்டினார், கண்ணாடிக் கடையைக் காட்டினார். ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒரு சனிக்கிழமை இதே மாடிக்கு வந்து, எங்கள் கட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மனம்விட்டுச் சொன்னார்.

“எல்லா இடத்துக்கும் போறேன், டாக்டர். ஆனா மெஷினுக்குள்ள என் கேமரா நுழைய மாட்டேங்குது. சலவைக் கூடத்துல ஒரு பெரிய இஸ்திரி உருளை இருக்கு. அந்த உருளை பார்க்கிறது என்னன்னு நான் பார்க்கணும். கட்டித் தருவீங்களா?”

பல் டாக்டர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “வாயைத் திறக்கச் சொல்லாம உள்ள பார்க்கணும், அவ்வளவுதானே? என் தொழிலே அதுக்கு நேர் எதிர். ஆனாலும் கட்டித் தர்றோம்.”

இப்படித்தான் அவையோரே, கட்டையும் கேமராவும் கை கோத்தன.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்தைக் கட்டுவதற்கு முன்னால் எல்லோரும் அங்கே போவோம். அளவு நாடா ஒருவரிடம் இருக்கும். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிறம். அந்த நிறத்தில் அந்த அறையில் என்னென்ன உண்டோ அத்தனையையும் எண்ணி எழுத வேண்டும். அப்போதுதான் எந்த நிறக் கட்டை எத்தனை வேண்டும் என்று தெரியும். வெள்ளை கிடைத்தவர் பாவம்! சலவைக் கூடத்தில் வெள்ளையை எண்ணுவதும் மழையில் துளியை எண்ணுவதும் ஒன்று. அவர் ஒரு மணி நேரத்தில், “எனக்கு வேற நிறம் குடுங்க, கண்ணு கூசுது” என்று அழாத குறையாகக் கேட்டார்.

எனக்குச் சிவப்பு வந்தது. என்னைப் பார்த்து எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். நெருப்பு அணைக்கும் மணல் வாளி இரண்டு. ஃபிளாஸ்க் மூடி ஒன்று. என் அம்மாவின் தலைக் கிளிப் ஒன்று. சுவரில் நேரம் தவறாமல் தவறான நேரம் காட்டும் கடிகாரத்தின் முள் ஒன்று. மொத்தம் ஐந்து. அவ்வளவுதான்.

அவையோரே, என் அம்மா அந்தக் கூடத்தில்தான் வேலை செய்கிறார். ஈரத் துணியின் இரு முனையைப் பிடித்து, கொதிக்கும் உருளையின் வாயில் ஊட்டுகிறவர் அவர். பக்கத்தில் நின்று ஊட்டுகிறவர் நெட்டை அக்கா. நான் குறிப்பேட்டை நீட்டி, “என்னம்மா, இவ்வளவு பெரிய மெஷின்ல ஒரு சிவப்புகூட இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்கு. உள்ள இருக்கு” என்றார் அம்மா.

“உள்ளன்னா?”

நெட்டை அக்கா சிரித்தார். “நிறுத்துற சுவிட்சு, பாப்பா. பெரிய சிவப்புக் குமிழு. முழங்கை பட்டு பட்டு மெஷின் நின்னுடுது, மறுபடி சூடேற அரை மணி நேரம் ஆகுதுன்னு மேஸ்திரி அதுக்கு மேல டப்பா மூடியை வெச்சு டேப்பைச் சுத்திட்டாரு.”

கறுப்பு டேப். கறுப்பு என் நிறம் அல்ல. ஆகவே நான் எழுதவில்லை. கறுப்பு எண்ணியவர் எழுதினார்: ‘உருளை ஓரம், ஒன்று.’ எங்கள் கழகத்தின் விதி, கண்ணில் பட்டதைக் கட்டு. கறுப்புக் கட்டை ஒன்றை அங்கே வைத்தோம். விதிப்படி சரி. முழுக்க முழுக்கச் சரி!

(இங்கே தண்ணீர் குடிக்க வேண்டும்.)

இனி நான் கண்ட அதிசயத்தைச் சொல்கிறேன். படம் பிடித்த அன்று இதே அறையில் எல்லா விளக்கையும் அணைத்தார்கள். ஒரு கைவிளக்கு மட்டும். பல் மருத்துவமனையிலிருந்து வந்த, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணிதான் எங்கள் படுக்கை விரிப்பு. பிய்த்துப் பிரித்த பஞ்சுதான் எங்கள் நீராவி. துணியை ஒரு நகக்கண் அளவு நகர்த்து; ஒரு படம் எடு. நகர்த்து, எடு. நகர்த்து, எடு. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். நாற்பது நொடிக்கு நானூற்று எண்பது படம். இரண்டு சனிக்கிழமை, ஒருவரும் தும்மவில்லை! தும்மல் வந்தவர் படியிறங்கித் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

பிறகு கேமரா அண்ணன் அதை ஓடவிட்டுக் காட்டினார். அவையோரே, எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அசையாத கட்டை அசைந்தது! உயிரில்லாத உருளை உருண்டது! முழங்கை நீளக் கூடம் முடிவில்லாத மண்டபமாக விரிந்தது! கேமரா மெல்ல மெல்ல ஊர்ந்து, துணியோடு துணியாகப் போய், உருளைக்கு அடியில் நின்று, அண்ணாந்து பார்த்தது. அங்கிருந்து பார்த்தால் வானம் இல்லை, கூரை இல்லை. உருளை இருந்தது. இரண்டு கைகள் இருந்தன. என் அம்மாவின் கைகள்.

நான் எத்தனையோ நாள் அந்தக் கைகள் எனக்குத் தலை வாரியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உருளை பார்க்கிற மாதிரி அன்றுதான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டைகளோடு வரும் பொம்மை மனிதர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். கவனித்திருக்கிறீர்களா? ஆனால் சில பொம்மைகளின் தொப்பியைக் கழற்றித் தலையைத் திருப்பினால் பின்னால் இன்னொரு முகம் இருக்கும். பயந்த முகம். அம்மாவின் பொம்மைக்கு அந்த முகத்தை நான்தான் யாருக்கும் தெரியாமல் திருப்பி வைத்தேன். நானூற்று எண்பது படத்திலும் அது அப்படியே இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. வேலை செய்கிறவர்களுக்கு முந்தாநாள் போட்டுக் காட்டியபோது ஒரே ஒருவர் கவனித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: “அந்தப் பொம்மைக்கு ஏன்டி அப்படி ஒரு மூஞ்சி?”

“உன் மூஞ்சிதான்மா.”

“நான் வேலையில சிரிச்சுக்கிட்டேதான் இருப்பேன். யாரை வேணா கேட்டுப் பாரு.”

“தொப்பியைக் கழட்டினா?”

அம்மா நடையை எட்டிப் போட்டார். இரண்டு தெருவைத் தாண்டிய பிறகு என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “இதோ பாரு. மேடையில ஏறி எதையாவது உளறி வெச்சிடாதே. சுவிட்சு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குச் சரியாகும். வேலை போச்சுன்னா போனதுதான்.”

தாய்மார்களே, சுவிட்சு என்றைக்குச் சரியாகும்? நாங்கள் எண்ணிவிட்டு வந்த பிறகு, மூன்று மாதத்துக்கு முன்னால், நெட்டை அக்காவின் கையைத் துணி இழுத்துக்கொண்டு போனது. என் அம்மா அந்தக் கறுப்பு மூடியை நகத்தால் பிறாண்டினார். டேப் வரவில்லை. யாரோ வாசல் வரை ஓடி மொத்த மின்சாரத்தையும் அணைத்தார்கள். அக்காவின் நான்கு விரல் நுனியும் வெந்துவிட்டன. முதலாளி ஐயா, நீங்கள் பழங்களோடு அவரைப் பார்க்கப் போனீர்கள். அவர் கவனம் இல்லாமல் நின்றதாகத்தான் உங்களிடம் சொன்னார்கள். மூடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அக்கா ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மூடியும் அங்கேயே இருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டுக் கதவை அம்மா ஒரு புதுமாதிரி தட்டுகிறார். வலது கையால் ஒன்று. இடது கையால் ஒன்று. முதல் நாள் நான் திறந்தபோது, “ரெண்டும் வந்தாச்சு, எண்ணிக்கோ” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் எண்ணுகிறேன். சிவப்பை எண்ணக் கற்றுக்கொண்டவள் அல்லவா? அந்த இரண்டாவது தட்டு கேட்கும்வரை எனக்குப் பாடம் ஏறாது, சோறு இறங்காது, தூக்கம் வராது.

(இதைப் படிக்கிறவருக்கு மட்டும்: மேடையில் இந்த இடத்தில் குரல் உடையும். உடைந்தால் உடையட்டும்.)

முதலாளி ஐயா அவர்களே! எங்கள் கழகத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த இடத்தைக் கட்டினாலும் ஒரு கட்டையை வைக்காமல் விட்டுவிடுவோம். கட்டியதை ஊருக்குக் காட்டும் நாளில் அந்த இடத்துக்கு உரியவரே வந்து, தம் கையால் அதை வைத்து நிறைவு செய்வார். பட்டறை முதலாளி ஒரு சக்கரத்தை வைத்தார். அச்சகத்துக்காரர் ஒரு காகிதக் கட்டை வைத்தார். உங்களுக்காக எங்கள் கழகம் ஒதுக்கியது உங்கள் பெயர்ப்பலகை. பல் டாக்டர் அம்மா அதைத் தங்கப் பல் வைக்கும் நீல வெல்வெட் பெட்டியில் வைத்து, என்னிடம் ஒப்படைத்தார்.

ஐயா, இதோ அந்தப் பெட்டி. மேடையின் நடுவுக்கு வாருங்கள். திறந்து பாருங்கள்.

பெயர்ப்பலகை இல்லை என்று பார்க்கிறீர்களா? இருக்கிறது ஐயா, என் பென்சில் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. அடுத்ததாக அதையும் தருவேன். ஆனால் முதலில் இது. சிவப்பு. ஒரே ஒரு குமிழ். உங்கள் கூடத்தின் ஆறாவது சிவப்பு. நான் எண்ணத் தவறியது.

இதை வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. அதை எடுக்காமல் இதை வைக்க முடியாது. சின்னதுதான் ஐயா, நகத்தால் நெம்பினால் வந்துவிடும். இங்கே எடுங்கள். பிறகு அங்கேயும் எடுங்கள். மெஷின் அரை மணி நேரம் நிற்கட்டும். ஒரு நாளைக்கு ஆறு முறை நிற்கட்டும்! நிற்கத் தெரிந்த மெஷின் என் அம்மாவுக்கு வேண்டும். இதைச் சொன்னதற்காக யார்மீதாவது கோபம் வந்தால் என்மீது வரட்டும். அம்மா எதுவும் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதே என்றுதான் சொன்னார். அவர் சொல் கேளாத பிள்ளை நான்.

(படிக்கிறவரே, ஓர் உண்மை. நாளை பெயர் அழைத்ததும் பயத்தில் என் கை எந்தத் தாளை எடுக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் பெட்டியில் சிவப்பை இப்போதே வைத்து மூடிவிட்டேன். எந்த உரையைப் படித்தாலும் அவர் கையில் பெட்டி திறக்கும்.)

அவையோரே! மலையைக் கட்டவில்லை நாங்கள், மாளிகையைக் கட்டவில்லை. கண்ணில் பட்டதைக் கட்டினோம். அதைக் கேமரா அண்ணன் ஊருக்குக் காட்டினார். கைக்குள் அடங்கும் ஒரு கட்டைக்குள் ஒரு கை முழுதாக வீடு திரும்புவது அடங்கியிருக்கிறதே, இதைவிடப் பெரிய அதிசயத்தை எந்தத் திரையில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

இடம் தந்த நூலகத்துக்கு நன்றி. தும்மாமல் இருந்த தோழர்களுக்கு நன்றி. கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. மேடை ஏறி வந்த முதலாளி ஐயாவுக்கு, அவர் இனி எடுக்கப்போகும் அந்தக் கறுப்புக்காக, முன்கூட்டியே நன்றி. கடைசியாக, மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் என் அம்மாவின் இரண்டு கைகளுக்கும் என் வண

கதவு.

ஒன்று.

இரண்டு.